தொங்கு வளையமா, தொங்கு பட்டையா? வீட்டிலேயே முதுகுக்கு முழுமையான பயிற்சி

வைகைக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். நாற்பதை நெருங்கும் வயது. பகல் முழுவதும் கணினி முன் அமர்ந்து பார்க்கும் கணக்கர் வேலை. சிறுவயதில் ஊர்ச் சிலம்பக்கூடத்தில் பழகிய தண்டாலையும் பஸ்கியையும் இன்றுவரை கைவிடவில்லை. கர்லாக்கட்டையும் ஓரளவு சுற்றுவேன். இவற்றால் நெஞ்சும் தோளின் முன்பக்கமும் தொடைகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனால் சென்ற தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, பல ஆண்டுகளாக எனக்கு அளவெடுத்துவரும் தையற்காரர், "தோள் முன்னால் விழுந்துகொண்டே வருகிறது, முதுகுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விட்டுத் தைக்கிறேன்" என்றார். அதன் பிறகு யோசித்தால், நான் செய்பவற்றில் தரையைத் தள்ளுகிற பயிற்சிகள்தாம் மிகுதி. எதையாவது பிடித்து என்னை நானே இழுத்துக்கொள்ளும் பயிற்சி ஒன்றுகூட இல்லை.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வர நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே, மரத்தாலான ஜிம்னாஸ்டிக் வளையங்களையோ, டிஆர்எக்ஸ் போன்ற தொங்கு பட்டையையோ வாங்கி வீட்டிலேயே முதுகுக்குப் பயிற்சி செய்ய எண்ணுகிறேன். சுவரிலோ கூரையிலோ புதிதாகத் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிக்கமாட்டார். கூடத்தில் முன்பு குடியிருந்தவர்கள் பயன்படுத்திய ஊஞ்சல் கொக்கிகள் நான்கு கான்கிரீட் தளத்தில் இருக்கின்றன. படுக்கையறையில் ஒரு ஃபேன் கொக்கி காலியாக இருக்கிறது. கதவுகள் பழைய தேக்குக் கதவுகள்.

என் ஐயங்கள் இவை. இரண்டில் எதை வாங்குவது? எங்கே மாட்டுவது? கம்பியில் தொங்கி, முகவாய் அதைத் தாண்டும் வரை உடலை மேலே இழுக்கும் புல்அப்பை என்னால் ஒன்றுகூட முழுமையாக எடுக்க முடியாது. அப்படிப்பட்டவன் வளையத்தைத் தொடலாமா? கீழ்முதுகுக்கும் இதிலேயே பயிற்சி கிடைக்குமா, அல்லது அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?


உத்திரம்

வணக்கம் நண்பரே. கட்டடப் பணியில் இருப்பவன் என்பதால், பயிற்சியைப் பற்றி மற்றவர்கள் சொல்வதற்கு முன் மாட்டும் இடத்தைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன்.

ஃபேன் கொக்கியை மறந்துவிடுங்கள். மின்விசிறியின் எடை 5 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதற்கென்று வைத்த கொக்கி உள்ளே கம்பியோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பது தளம் போட்டவருக்கு மட்டுமே தெரியும். திடீரென ஏற்றப்படும் சுமை, மெல்ல ஏற்றப்படும் அதே சுமையைப் போல் இருமடங்கு விசையைத் தரும் என்பது பொறியியலின் பாலபாடம். 70 கிலோ மனிதர் வளையத்தில் சட்டெனத் தொங்கினால் கொக்கி 140 கிலோவுக்கு ஈடாக இழுபடுகிறது. இரண்டு மூன்று பெரியவர்கள் அமர்ந்து ஆடுவதற்கென்றே தளம் போடும்போது உள்கம்பிகளுக்கு மேலாக வளைத்துவிட்ட ஊஞ்சல் கொக்கி இதைத் தாங்கும். ஆனாலும் உங்கள் கொக்கிகளை முதலில் நன்றாகப் பாருங்கள். கொக்கி தளத்துக்குள் நுழையும் இடத்தைச் சுற்றிப் பூச்சு விரிந்திருந்தாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, அதில் எதையும் மாட்ட வேண்டாம். கொக்கியின் வளைவில் சங்கிலி உராய்ந்து தேய்ந்திருக்கிறதா என்பதை விரலால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நான்கு கொக்கிகள் இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. ஊஞ்சல் பலகையின் நீளவாக்கில் உள்ள கொக்கிகளுக்கு இடையே நான்கைந்து அடி இருக்கும். அது வளையத்துக்கு மிக அகலம். பலகையின் அகலவாக்கில், அதாவது ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு கொக்கிகளுக்கு இடையே, பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு அடிதான் இருக்கும். போட்டிகளில் வளையங்களைத் தொங்கவிடும் இடைவெளி 50 செ.மீ.; உங்கள் கொக்கிகள் கிட்டத்தட்ட அதே அளவில் அமைந்துவிடும். பட்டையை நேரே இரும்புக் கொக்கியில் போடாதீர்கள். துருவேறிய விளிம்பு நைலானை அறுத்துவிடும். இடையில் ஒரு டி-ஷேக்கிளோ (திருகாணியால் பூட்டும் இரும்பு வளையம்), மலையேற்றத்துக்கான கேராபினரோ (திறந்து மூடும் உலோகக் கொளுவி) போடுங்கள். மலையேற்றக் கேராபினரின் உடலிலேயே அதன் தாங்குதிறன் கிலோநியூட்டனில் பொறிக்கப்பட்டிருக்கும். 20 கிலோநியூட்டன் என்றால் ஏறத்தாழ 2 டன் எடைக்குச் சமம். சாவிக்கொத்துக்கு விற்கும் அலுமினிய வளையம் பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும் இதற்கு உதவாது.

கதவில் மாட்டுவதானால், கதவு உங்களை விட்டு விலகி மறுபக்கமாகத் திறக்கும் பக்கத்தில் நில்லுங்கள். அப்போது நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு முறையும் கதவு நிலையோடு இன்னும் இறுகும். எதிர்ப்பக்கம் நின்றால் முழுச் சுமையும் தாழ்ப்பாளின் மேல் விழும். கதவைப் பூட்டிவிட்டு, கீல் இருக்கும் ஓரத்துக்கு அருகில் பட்டையை மாட்டுங்கள். தேக்குக் கதவு இதைத் தாங்கும். உள்ளே கூடாக இருக்கும் பிளைவுட் கதவிலும் குளியலறையின் பிவிசி கதவிலும் முயல வேண்டாம். எதில் மாட்டினாலும், முதலில் கைகளால் மெல்லப் பாரம் கொடுத்து, பிறகு பாதி உடலெடை, பிறகு முழு எடை என்று படிப்படியாகச் சோதித்த பின்னரே பயிற்சியைத் தொடங்குங்கள்.


கூடத்து வாத்தியார்

தம்பிக்கு வணக்கம். உங்கள் தையற்காரர் கண்டது சரியான அடையாளம். தண்டால் அருமையான பயிற்சி, அதை விட வேண்டாம். ஆனால் அதற்கு எதிர்த்திசையில் உழைக்கும் தசைகளுக்கும் அதே அளவு வேலை கொடுக்க வேண்டும். நம் மரபில் அந்த வேலை இல்லாமலும் இல்லை. விழுப்புரம் பக்கம் மல்லர் கம்பம் பயிலும் பிள்ளைகள், நட்ட கம்பத்தில் மட்டுமல்லாமல் தொங்கும் கயிற்றிலும் ஏறி நின்று வித்தை செய்வார்கள். அவர்களுடைய முதுகைப் பார்த்தவர்களுக்கு இழுக்கும் பயிற்சியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வளையமும் பட்டையும் இரு வேறு வழிகளில் வந்தவை. வளையம் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்கில் வளர்ந்து, 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே போட்டியாக இடம்பெற்றது. தொங்கு பட்டையோ, ராண்டி ஹெட்ரிக் என்ற அமெரிக்கக் கடற்படை அதிரடிப்படை வீரர் 1997-இல், பணியிடத்தில் பயிற்சிக் கருவி ஏதும் இல்லாத நிலையில், ஜூஜுட்சு இடைக்கச்சையையும் பாராசூட் பட்டையையும் கொண்டு தைத்ததிலிருந்து வந்தது. இந்த வேறுபாடு பயன்பாட்டிலும் தெரிகிறது. பட்டை ஒரே புள்ளியில் தொங்கும், எடை குறைவு, பயணத்தில் பைக்குள் போட்டுக்கொள்ளலாம், காலை நுழைக்கக் கண்ணி உண்டு. வளையம் இரண்டு தனித்தனிப் புள்ளிகளில் தொங்கும். ஒவ்வொரு கையும் தன் பாரத்தைத் தானே சுமந்தாக வேண்டும். வலக்கை இடக்கைக்கு உதவ முடியாது. முதுகுதான் நோக்கம், அதுவும் இரண்டு கொக்கிகள் ஆயத்தமாக இருக்கும் வீடு என்றால், நான் தயங்காமல் மரவளையத்தைத்தான் சொல்வேன். மரம் வியர்வையை உறிஞ்சும், பிளாஸ்டிக் வழுக்கும். உள்விட்டம் 18 செ.மீ.; பருமன் 28 மி.மீ., 32 மி.மீ. என இரு அளவுகளில் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கும் சிறிய கைகள் கொண்டவருக்கும் 28 மி.மீ. பொருந்தும், தடித்த வளையத்தில் முதுகு களைப்பதற்கு முன் பிடி களைத்துவிடும்.

புல்அப் வராதவர் வளையத்தைத் தொடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வளையம் அவருக்குத்தான் மிகுதியாகப் பயன்படும், ஏனென்றால் இதில் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் பாதங்களை நகர்த்தினாலே போதும். வளையத்தை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, இரு கைகளாலும் பிடித்து, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து, நெஞ்சை வளையத்தை நோக்கி இழுப்பதுதான் அடிப்படைப் பயிற்சி. கூடங்களில் இதை 'ரோ' என்பார்கள். உடல் தரையோடு ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் இருக்கும்போது கைகள் சுமப்பது உடலெடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும். உடல் கிடைமட்டமாகும்போது அது மூன்றில் இரண்டு பங்கை எட்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு, 20 கிலோவில் தொடங்கி 40 கிலோ வரை, ஓர் இரும்புத் தட்டும் வாங்காமல் ஏற்றிக்கொண்டே போகலாம் என்று பொருள்.

செய்முறையைக் கவனமாகப் படியுங்கள், ஏனெனில் பயிற்சியின் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. குதிகாலிலிருந்து தலை வரை உடல் ஒரே கோடாக இருக்க வேண்டும். புட்டத்தை இறுக்கினால் இடுப்பு தொய்யாது. தொடக்கத்தில் கைகள் முழுவதும் நீண்டிருக்கட்டும்; தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முன்னோக்கி விரிய இடம் கொடுங்கள். இழுக்கும்போது முழங்கையை மடக்குவதற்கு முன்பாகவே அந்த இரண்டு எலும்புகளும் பின்னோக்கி, முதுகெலும்பை நோக்கி நகர வேண்டும். அவை நகர்ந்த பிறகு முழங்கைகள் விலாவை ஒட்டிப் பின்னால் செல்லட்டும். வளையம் கீழ்விலாவின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். கழுத்தருகே வந்தால் தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். உச்சியில் ஒரு நொடி நில்லுங்கள். இறங்கும்போது மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு எட்டாத குறையை முகவாயை நீட்டி ஈடுகட்டாதீர்கள். அப்படி நீட்டத் தோன்றினால் பாதங்களைப் பின்னுக்கு இழுத்துச் சுமையைக் குறைக்க வேண்டும்.

முழங்கை செல்லும் வழியை மாற்றினால் உழைக்கும் தசையும் மாறும். விலாவை ஒட்டிச் சென்றால், பயிற்சிக் கூடங்களில் 'விங்ஸ்' என்று சொல்லும் அகன்ற முதுகுத்தசைக்குப் பெரும்பங்கு வேலை. முழங்கை பக்கவாட்டில் விரிந்து சென்றால், பின்தோளுக்கும், தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே உள்ள சாய்சதுரத் தசைக்கும், சரிவகத் தசையின் நடுப்பகுதிக்கும் வேலை. உங்களுக்கு இரண்டாவது வகைதான் அவசரத் தேவை. அதனால் சாதாரண ரோவுடன், வளையங்களை நெற்றியின் இருபுறமும் கொண்டுவந்து முன்கைகளை மேல்நோக்கித் திருப்பி நிறுத்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் சாய்வு மிகக் குறைவாக, ஏறக்குறைய நின்ற நிலையிலேயே இருக்க வேண்டும்.

அதற்கு அடுத்து, கைகளை மடக்காமல் தலைக்கு மேல் விரித்துத் தூக்கும் பயிற்சி. இரு கைகளும் 'ஒய்' எழுத்தைப் போல மேலே விரிய, சாய்ந்த உடல் நிமிர்ந்து எழும். சரிவகத் தசையின் கீழ்ப்பகுதி நம்மில் பலருக்கு உறங்கிக்கிடக்கிறது. இந்தப் பயிற்சி அதை நேரடியாக எழுப்பும். வலுவான ஆட்கள்கூட இதில் ஐந்தாறு முறைக்கு மேல் ஒழுங்காகச் செய்யத் திணறுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே சாய்வைக் கூட்ட அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் குதிகால் வழுக்கும். காலணியில்லாமல் ரப்பர் விரிப்பின் மேல் நில்லுங்கள், அல்லது பாதங்களைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொள்ளுங்கள்.


தோள்நலம்

இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். மேலே வாத்தியார் ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். அவர் தொடாத இரண்டு இடங்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலாவது, மணிக்கட்டும் முழங்கையும். நிலையான கம்பியைப் பிடித்து இழுக்கும்போது கை ஒரே கோணத்தில் பூட்டப்படுகிறது. அந்தக் கோணம் ஒருவருடைய மூட்டுக்கு ஒத்துவராவிட்டால், முழங்கையின் உட்புறத்தில் தசைநாண் எரிச்சல் கொள்ளும். வளையம் தன் அச்சில் தாராளமாகத் திரும்பும். உள்ளங்கை பாதத்தை நோக்கிய நிலையில் தொடங்கி, இழுக்க இழுக்க இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்க்கும்படியோ, சற்று மேல்நோக்கியோ திரும்பி நின்றால், மூட்டு தனக்கு இசைவான பாதையைத் தானே கண்டுகொள்கிறது. இதைத் தடுக்கும்படி வளையத்தை இறுக்கிப் பிடித்து ஒரே திசையில் நிறுத்திவைக்க முயல வேண்டாம். ஆனால் தசைகள் சில வாரங்களில் வலுப்பெற்றாலும் தசைநாண்கள் மெதுவாகத்தான் தேறும். முழங்கையின் உட்பக்கத்தில் அழுத்தினால் வலிக்கிறது, மறுநாள் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சுருக்கென்கிறது என்றால், முறைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, இறங்கும் பகுதியை மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் காட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, நீங்கள் கேட்ட கீழ்முதுகு. இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டியது என்னவென்றால், வளையமும் பட்டையும் மேல்முதுகுக்கும் நடுமுதுகுக்கும் சிறந்தவை, முதுகெலும்பை நிமிர்த்தும் தசைகளுக்குப் போதுமானவை அல்ல. ரோ செய்யும்போது உடலை நேராக நிறுத்துவதில் அந்தத் தசைகளுக்கு ஓரளவு பங்கு உண்டு; அந்த அளவு வேலை அவற்றை வலுப்படுத்தப் போதாது. பட்டையின் கண்ணியில் குதிகால்களை வைத்து, மல்லாந்து படுத்து, இடுப்பை உயர்த்தி, குதிகால்களைப் புட்டத்தை நோக்கி இழுத்து நீட்டும் பயிற்சி பின்தொடைக்கும் புட்டத்துக்கும் சிறந்தது. இடுப்பைத் தாழவிடாமல் செய்தால் கீழ்முதுகும் அதில் உழைக்கும். இதோடு தரையில் குப்புறப் படுத்து, நெஞ்சையும் கால்களையும் ஒருசேர உயர்த்தி நிறுத்தும் சலபாசனத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும். உயரம் முக்கியமில்லை, பத்து நொடி நடுக்கமின்றி நிற்பதுதான் முக்கியம். நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர், குனிந்து பளுவெடுக்கும் அசைவை, அதாவது முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மடங்குவதை, தனியே பழகிக்கொள்ள வேண்டும். ஓர் அரிசி மூட்டையே அதற்குப் போதுமான கருவி.

கால் மரத்துப்போதல், புட்டத்திலிருந்து கால் வரை இறங்கும் வலி, முன்பே விலகிய தோள்மூட்டு ஆகியவை உள்ளவர்கள் தொங்கும் பயிற்சி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.


வைகைக்கரையான்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உத்திரம் ஐயா சொன்னபடி கொக்கிகளைச் சோதித்தேன், ஒரே பக்கத்துக் கொக்கிகள் இரண்டுக்கும் இடையே ஒன்றே முக்கால் அடி இருக்கிறது, தேய்மானம் இல்லை. வளையம் வாங்கி மாட்டிச் செய்து பார்த்துவருகிறேன்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. ரோ செய்யும்போது முதுகில் ஒன்றும் தெரிவதில்லை. முன்கையும் புஜமும்தான் கொதிக்கின்றன. பிடி முதலில் நழுவுகிறது. உடல் ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும்படிதான் செய்கிறேன். பத்து முறை வரை எடுக்க முடிகிறது. தவறு எங்கே இருக்கிறது? மேலும், வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு செய்வது, எப்போது அடுத்த படிக்குப் போவது என்பதையும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.


கூடத்து வாத்தியார்

தம்பி, கிடைமட்டமாகச் செய்வதுதான் காரணம். இழுக்கும்போது முதுகை உழைக்கவைத்துப் பழக்கம் உங்களுக்கு இல்லை. சுமை கூடும்போது உடல் தனக்குப் பழகிய தசையைத்தான் முதலில் அழைக்கும். முதுகு வேலையைத் தொடங்குவதற்குள் புஜம் முடித்துவிடுகிறது. பாதங்களைப் பின்னுக்கு நகர்த்தி 60 பாகைச் சாய்வுக்கு வந்துவிடுங்கள். அதை ஒரு பின்னடைவாக எண்ண வேண்டாம்.

அந்தச் சாய்வில், முழங்கையை மடக்காமலே ஒரு பயிற்சி செய்யுங்கள். கைகள் நீட்டியபடியே இருக்க, தோள்பட்டை எலும்புகளை மட்டும் பின்னுக்கு இழுத்து இரண்டு நொடி நிறுத்தி, மெல்ல முன்னுக்கு விடுங்கள். உடல் நான்கு விரற்கடை அளவுதான் அசையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் செய்யாதது போலத் தெரியும் இந்த அசைவைப் பத்து முறை பழுதின்றிச் செய்தவருக்கு முதுகு எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும். வீட்டில் யாரையாவது இரண்டு விரல்களை உங்கள் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லி, அந்த விரல்களை நெருக்க முயலுங்கள். தொட்ட இடத்தை நோக்கித் தசை எளிதாகச் சுருங்கும். ஒவ்வொரு பயிற்சி நாளையும் இதைக் கொண்டே தொடங்குங்கள்.

பிடியைப் பொறுத்தவரை, கையை ஒரு கொக்கியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தை நசுக்கிப் பிடிக்கும்போது முன்கை இறுகி, அந்த இறுக்கம் புஜத்துக்கு ஏறுகிறது. வளையத்தை விரல்களின் அடிக்கணுவில் அமர்த்தி, கட்டைவிரலைச் சுற்றிப் போட்டு, முழங்கையைப் பின்னால் கொண்டுபோவதில் மட்டும் மனத்தைச் செலுத்துங்கள். மதுரை வெயிலில் கை வியர்க்கும் என்பதால், ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பூசும் மக்னீசியம் கார்பனேட் தூளைச் சிறிது தேய்த்துக்கொள்வதும் உதவும்.

அளவைப் பொறுத்தவரை, வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. ரோ மூன்று செட், ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு முறை. நெற்றிக்கு இழுக்கும் பயிற்சியும் கைகளை மேலே விரிக்கும் பயிற்சியும் இரண்டிரண்டு செட். ஒவ்வொரு செட்டையும், இன்னும் ஒன்றிரண்டு முறை ஒழுங்காக எடுக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். சாக்பீஸால் தரையில் குதிகால் நிற்கும் இடத்தைக் கோடிட்டு வையுங்கள். மூன்று செட்டிலும் பன்னிரண்டு முறை, உச்சியில் ஒரு நொடி நின்று, பிசகில்லாமல் முடிந்தால், அடுத்த முறை கோட்டை ஒரு சாண் முன்னால் போடுங்கள். முடியாவிட்டால் கோடு அங்கேயே இருக்கட்டும். கண்ணாடி முன் நின்று மதிப்பிடுவதைவிட இந்தக் கோடு நம்பகமான கணக்கு. தண்டால் எடுக்கும் எண்ணிக்கையைச் சில மாதங்களுக்குக் கூட்ட வேண்டாம். முதுகு அதை எட்டிப் பிடிக்கட்டும்.

கிடைமட்ட ரோ கைவந்த பிறகு, பாதங்களை ஒரு முக்காலியின் மேல் உயர்த்தலாம். அதன் பின், ஒரு கையை நீட்டியபடி வைத்து மறுகையால் மட்டும் இழுக்கும் வில்லாளி நிலை. வளையம் இரண்டும் தனித்தனியே தொங்குவதன் முழுப் பயனும் அங்கேதான் தெரியும். தலைகீழாகச் சுழன்று தோளைப் பின்னால் திருப்பித் தொங்கும் வித்தைகளைக் காணொளியில் பார்த்துவிட்டு இப்போதே முயல வேண்டாம். தோள்மூட்டின் முன்பக்கம் அதற்குத் தயாராகப் பல மாதங்கள் பிடிக்கும். புல்அப்பையும் அதுவரை தள்ளிவைப்பது நல்லது என்பதே என் கருத்து.


மொட்டைமாடி

வாத்தியார் ஐயாவின் கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன், பொறுத்தருள வேண்டும். ரோ கிடைவாக்கில் இழுப்பது. புல்அப் செங்குத்தாக இழுப்பது. அகன்ற முதுகுத்தசைக்கு இரண்டும் தேவை. புல்அப் வராது என்பதற்காக அந்தத் திசையையே மாதக்கணக்கில் ஒத்திப்போட வேண்டியதில்லை, ஏனெனில் வளையத்தின் உயரத்தை நம் விருப்பம் போல் மாற்ற முடிகிறது. நான் முதல் புல்அப்பை எட்டியது இந்த வழியில்தான். எங்கள் வீட்டு மாடியறையில் கூரையும் தாழ்வு.

தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, கையை உயர்த்தினால் வளையம் எட்டிப் பிடிக்கும்படி பட்டையை நீட்டிக்கொள்ளுங்கள். புட்டம் தரையை விட்டுச் சற்று எழுந்திருக்கும் அளவுக்கு உயரம் இருந்தால் போதும். குதிகால்கள் தரையிலேயே இருக்கட்டும். வளையத்துக்கு நேர்க்கீழே உடலை நிமிர்த்தி, முகவாய் வளையத்தைத் தாண்டும் வரை மேலே இழுங்கள். கால்கள் தரையில் இருப்பதால் உடலெடையில் ஒரு பங்கை அவை சுமந்துகொள்ளும்; முடியாத இடத்தில் குதிகாலை அழுத்திச் சிறிது உதவலாம், முடிந்த இடத்தில் உதவியைக் குறைக்கலாம். முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பதித்தால் உதவி கூடும். கால்களை முழுவதும் நீட்டினால் குறையும். குதிகால்களை ஒரு தலையணையின் மேல் வைத்தால் இன்னும் குறையும். இழுக்கத் தொடங்கும் முன், வாத்தியார் ஐயா ரோவுக்குச் சொன்னது போலவே, இங்கும் முழங்கை மடங்குவதற்கு முன் தோள்கள் காதிலிருந்து விலகிக் கீழே இறங்க வேண்டும்.

இது ஐந்தாறு முறை உதவியின்றி வரும் நிலையில், வளையத்தை உயர்த்தி, முக்காலியின் மேல் ஏறி நின்று, மேல்நிலையிலேயே பிடித்துக்கொண்டு, கால்களை எடுத்துவிட்டு ஐந்து நொடியில் இறங்கிப் பழகலாம். இறங்கும் பயிற்சி தசைக்கு மிகுந்த களைப்பைத் தரும். மூன்று நான்கு முறைக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். நான் இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே செய்தேன். மற்ற இரண்டு நாட்களில் அமர்ந்து இழுப்பதும் ரோவும்தான்.

வளையம் வாங்கியவர்களுக்கு இன்னும் ஒன்று. மாடியிலோ முற்றத்திலோ பட்டையை வெயிலில் தொங்கவிட்டே வைக்காதீர்கள். சூரிய ஒளி பட்டால் நைலான் நாளடைவில் வலுவிழக்கும், வெளிப்பார்வைக்கு நிறம் மங்குவது மட்டும்தான் தெரியும். பயிற்சி முடிந்ததும் கழற்றிச் சுருட்டி உள்ளே வையுங்கள். மீண்டும் மாட்டும்போது இரண்டு பட்டைகளின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று வளையங்களைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒன்று ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தாலும் ஒரு தோள் கூடுதலாக உழைக்கும். பக்கிளின் பல் பட்டையை நன்றாகக் கவ்வியிருக்கிறதா என்பதைக் கையால் சுண்டி இழுத்துப் பார்த்த பிறகே உடலெடையைக் கொடுங்கள்.


வைகைக்கரையான்

வாத்தியார் ஐயாவுக்கும் மொட்டைமாடி அவர்களுக்கும் நன்றி. 60 பாகைச் சாய்வுக்கு வந்து, முழங்கையை மடக்காமல் செய்யும் அசைவோடு தொடங்கியதில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இதுவரை அறியாத ஒரு களைப்பு மறுநாள் தெரிந்தது. முழங்கையில் வலி இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ரோவும் நெற்றிக்கு இழுப்பதும், மூன்றாவது நாள் அமர்ந்து செய்யும் புல்அப்பும், ஒவ்வொரு நாளின் முடிவிலும் சலபாசனமும் என்று வைத்துக்கொள்கிறேன். சாக்பீஸ் கோடு போட்டாயிற்று.